பாத்தியும் பத்தியும்



காவிரிப் படுகையில் பிறந்தவர்க்கு வரப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரியும் நீர், ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து வயலுக்கும் வந்து சேர்கிறது. வயலைச் சுற்றி வரப்பு இல்லையாயின் மேட்டில் நீர் நில்லாது. பள்ளத்தில் பயிர் மூழ்கும். வரப்பு ஒரு நெல்மணியையும் விளைவிப்பதில்லை. ஆயினும் வரப்பின்றி விளைச்சல் இல்லை.

எழுத்துக்கும் அத்தகைய வரப்பு உண்டு. தோட்டத்தில் அதனைப் பாத்தி கட்டுதல் என்கிறோம். ஏட்டில் பத்தி பிரித்தல் என்கிறோம். ஒரு கருத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குக் காட்டுவதே பத்தியின் வேலை. நீண்டதோர் எழுத்தைக் கணிப்பொறியின் துணைகொண்டு பத்தி பத்தியாகப் பிரிப்பது எங்ஙனம்? பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் 'இது இன்னது' என்னும் குறியை இடுவது எங்ஙனம்? இவ்விரண்டையும் இச்சிற்றுரையில் விளக்க எண்ணுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பின்னரே கணிப்பொறியைப் பழகினேன். ஆதலின் புதிய கருவியைப் பழைய ஏட்டின் வழியாகவே அணுகுவது எனக்கு எளிது. உங்களுக்கும் அவ்வழி பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் பழைய நிலையைக் காண்போம். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் கற்சுவர்களில் முதலாம் இராசராசனும் அவனைச் சார்ந்தோரும் வழங்கிய கொடைகள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அங்கு இடைவெளி இல்லை. காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. கல் முடியும் இடத்தில் வரி முடிகிறது. கருத்து முடியும் இடத்தில் அன்று. ஒரு சொல்லின் பாதி ஒரு வரியிலும் மறுபாதி அடுத்த வரியிலும் இருப்பதுண்டு. பொன்னும் மணியும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் நிறைகளால் அளந்து கூறப்படுகின்றன. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. ஓர் அணிகலனின் நிறை முடிந்து அடுத்த அணிகலனின் பெயர் தொடங்கும் இடத்தைத் தவறாகக் கொண்டால், ஒன்றின் பொன் மற்றொன்றின் கணக்கில் ஏறிவிடும் அன்றோ?

பனையோலை ஏடுகளின் நிலையும் இதுவே. மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்டால் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியை விட்டுவிட்டனர் என்பர். எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தோன்றா. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். ஓலையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் எழுத்துகள் இடைவிடாது செல்லும். சில ஏடுகளில் பாட்டு முடியுமிடத்தில் எண்ணோ சிறு கோடோ இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது.

இந்நிலையில் படிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை பிரித்தலே. பிரிப்பதில் எத்துணை பொறுப்பு அடங்கியுள்ளது என்பதற்கு இலக்கண ஆசிரியர்கள் காலங்காலமாகக் காட்டிவரும் எடுத்துக்காட்டு ஒன்றைப் பள்ளியில் நீங்கள் கேட்டிருக்கலாம். 'செம்பொன்பதின்றொடி' என்பது அத்தொடர். இதனைச் செம்பொன், பதின், தொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி நிறையுள்ள பொன் என்று பொருள்படும். செம்பு, ஒன்பதின், தொடி எனப் பிரித்தாலோ ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு என்று ஆகிவிடும். எழுத்து ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. வெட்டும் இடம் சிறிது நகர்ந்தது, பொன் செம்பாயிற்று. இத்தொடரை நினைவில் வைத்துக்கொள்க. கணிப்பொறியிடம் வரும்போதும் இதுவே நமக்கு வழிகாட்டும்.

பிரிவே அறியாதவர்கள் நம் முன்னோர் என்று எண்ணிவிட வேண்டா. தொல்காப்பியம் 3 அதிகாரங்களாகவும், ஒவ்வோர் அதிகாரமும் 9 இயல்களாகவும் அமைந்தது. திருக்குறள் 133 அதிகாரம். அதிகாரத்திற்கு 10 குறள். சிலப்பதிகாரம் 3 காண்டம், 30 காதை. நூலுக்குள் பெரும்பிரிவு, அதனுள் சிறுபிரிவு, அதனுள் பாட்டு, பாட்டினுள் அடி என்று ஒன்றனுள் ஒன்றை அடக்கி வைக்கும் முறையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஓலையில் இடைவெளி இல்லாவிடினும் யாப்பு அவர்களுக்கு வரப்பாக நின்றது. எதுகையும் மோனையும் அடி எங்கே தொடங்குகிறது என்று செவிக்குச் சொல்லின.

அவ்வளவு ஒழுங்குள்ள நூலிலும் கருத்து வேறுபாடு எழுந்ததுண்டு. தொல்காப்பிய நூற்பாக்களின் தொகை ஏறத்தாழ 1,600 என்போம். ஆனால் எல்லா உரையாசிரியர்க்கும் அத்தொகை ஒன்றன்று. ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகப் பிரிப்பர். ஒருவர் இரண்டாகக் கொண்டதை இன்னொருவர் ஒன்றாக இணைப்பர். பிரித்தல் என்பது கைவேலையன்று, பொருள் காணும் வேலை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அச்சு வந்தபோது பிரிவுகள் கண்ணுக்குத் தெரியலாயின. இந்நிகழ்ச்சியிலும் நம் காவிரிப் படுகைக்குப் பங்குண்டு. தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டில் வந்திறங்கிய சீகன்பால்கு, அங்கு ஓர் அச்சகம் அமையச் செய்தார். 1715-ஆம் ஆண்டளவில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டும் எழுத்து முறையை வகுத்தார் என்று கூறுவர். எழுத்தை எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுவதும் ஒருவகை வரப்பே.

ஏட்டுச் சுவடியை அச்சு நூலாக்கியோருள் முதன்மையானவர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-ஆம் ஆண்டில் தோன்றியவருமாகிய உ. வே. சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் 1880-ஆம் ஆண்டில் ஆசிரியப் பணி ஏற்ற அப்பெரியார், 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். உரையுள்ள ஏடுகளில் மூலமும் உரையும், உரைக்குள் எடுத்துக்காட்டாக வரும் பிற நூல் அடிகளும் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். எது புலவன் வாக்கு, எது உரையாசிரியர் வாக்கு, எது வேறொரு நூலின் அடி என்று வகுத்துக் காட்டியபின்னரே ஒரு நூல் பதிப்புக்கு உரியதாகும். இன்று அப்பதிப்புகளைப் புரட்டும் நமக்கு மூலம் ஓர் எழுத்திலும் உரை வேறோர் எழுத்திலும் தோன்றுகின்றன. அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் பல சுவடிகளை ஒப்பிட்ட உழைப்பு மறைந்து நிற்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்னும் முயற்சி தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முதலியோர் முன்னின்று, உலகின் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்களைக் கூட்டித் தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றினர். கட்டணமின்றி எவரும் படிக்கலாம். தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் உள்ளது. நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரால் பெருகி, 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் 40,000-க்கு மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. ஓலை நூற்றாண்டுகள் சில வாழும். பின் பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும். ஆதலின் எழுத்தைக் கணிப்பொறிக்கு மாற்றும் பணி உங்கள் தலைமுறையின் கடமைகளுள் ஒன்று.

கணிப்பொறி எழுத்தை எவ்வாறு காண்கிறது? வியப்பு என்னவெனில், அது பனையோலையைக் காண்பதுபோலவே காண்கிறது. ஒரு கோப்பு என்பது இடைவிடாத நீண்ட எழுத்து மாலை. 'இங்கே வரி முடிகிறது' என்பதும் அம்மாலையில் கோத்த ஒரு மணியே. அது நம் கண்ணுக்குத் தெரியாத மணி. வரி முடிவு மணி ஒன்று வந்தால் புதிய வரி. அம்மணி இரண்டு அடுத்தடுத்து வந்தால் இடையில் ஒரு வெற்று வரி. இந்த வெற்று வரியே கணிப்பொறிக் கோப்பில் நாம் இடும் வரப்பு.

வெற்று வரி மனிதர் கண்ணுக்குப் போதும். ஆனால் 'இது தலைப்பு, இது உரைநடை, இது பாட்டு' என்று அது சொல்லாது. அதற்காகவே குறிச்சொல் தோன்றிற்று. கோண அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதிப் பகுதியைத் தொடங்குவதும், அதே பெயரைச் சாய்கோட்டுடன் எழுதிப் பகுதியை முடிப்பதும் இம்முறை. 1991-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்சு-லீ வலைப்பக்கங்களுக்கு வகுத்த குறிச்சொற்களில் பத்திக்குரியதும் ஒன்று. தொடக்கத்தில் அது இரண்டு பத்திகளுக்கு இடையே இடும் வெறும் எல்லைக்கல்லாக இருந்தது. பின்னரே ஒரு பத்தியைத் தொடக்கமும் முடிவும் காட்டிச் சூழ்ந்து நிற்கும் வேலியாக மாறிற்று. எல்லைக்கல் 'இங்கே பிரிகிறது' என்று மட்டும் சொல்லும். வேலியோ 'இதற்குள் இருப்பது இன்னது' என்றும் சொல்லும். 1998-இல் வந்த எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் குறிச்சொல்லின் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம். அப்பெயர் தமிழ் எழுத்திலும் இருக்கலாம்.

ஒரு சிறு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கையில் தாள் உள்ளவர்கள் எழுதிக்கொள்க. கோப்பில் பின்வருமாறு இருக்கிறது:

குறுவை குறுகிய காலப் பயிர்;
புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை ஆகும்.

சம்பா நெடுங்காலப் பயிர்;
தை மாதத்தில் அறுவடை ஆகும்.

நமக்கு வேண்டிய வடிவம் இது:

<நூல்>
<பத்தி எண்="1">குறுவை குறுகிய காலப் பயிர்; புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை ஆகும்.</பத்தி>
<பத்தி எண்="2">சம்பா நெடுங்காலப் பயிர்; தை மாதத்தில் அறுவடை ஆகும்.</பத்தி>
</நூல்>

இரண்டு பத்திகளாயின் கையாலேயே இட்டுவிடலாம். இரண்டாயிரம் பத்திகளாயின்? அங்குதான் நிரல் துணைக்கு வருகிறது. 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் ஆகியவை இப்பணிக்கு ஏற்ற எளிய நிரல்மொழிகள். இவற்றில் ஒருசில வரிகளிலேயே இவ்வேலையை முடிக்கலாம். மொழி எதுவாயினும் செய்முறை ஒன்றே. அதனைப் படிப்படியாகக் கூறுகிறேன்.

முதற்படி, கோப்பைத் திறந்து முழுவதையும் ஒரே எழுத்து மாலையாகப் படித்தல். அப்போது 'இது ஒருங்குறி எழுத்து' என்று நிரலுக்கு அறிவித்தல் வேண்டும். இல்லையேல் தமிழெழுத்து பொருளற்ற கோலங்களாகச் சிதறும்.

இரண்டாம் படி, வரி முடிவுகளை ஒருமைப்படுத்தல். சில கணிப்பொறிகள் வரி முடிவுக்கு ஒரு மணியை இடும். சில இரண்டு மணிகளை இடும். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

மூன்றாம் படியே உயிர்நிலை. வெற்று வரி வருமிடமெல்லாம் மாலையை வெட்டுதல். இங்கு ஒரு நுட்பம் உண்டு. வெற்று வரி போல் தோன்றுவதில் இடைவெளி எழுத்துகள் ஒளிந்திருக்கலாம். ஓரிடத்தில் ஒரு வெற்று வரியும் வேறோரிடத்தில் மூன்றும் இருக்கலாம். ஆதலின் 'ஒரு வரி முடிவு, அதனையடுத்து இடைவெளி இருந்தாலும் இல்லாவிடினும் சரி, மீண்டும் வரி முடிவு. இது ஒரு முறையோ பல முறையோ வந்தாலும் ஒரே வரப்பு' என்று நிரலுக்குக் கூற வேண்டும். இவ்வாறு ஒரு வடிவத்தைச் சில குறிகளால் சுருக்கிச் சொல்லும் முறையின் கணித அடிப்படையை 1956-இல் ஸ்டீபன் கிளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்டார். இன்று பெரும்பாலான நிரல்மொழிகளில் அது வழங்குகிறது.

நான்காம் படி, வெட்டிய துண்டுகளுள் வெறுமையானவற்றை நீக்கி, எஞ்சிய ஒவ்வொன்றினுள்ளும் உள்ள வரி முடிவுகளை இடைவெளியாக்கி இணைத்தல். தாளின் அகலத்தால் முறிந்த வரி இதனால் மீண்டும் முழுச் சொற்றொடராகும்.

ஐந்தாம் படி, எழுத்துக்குள்ளேயே கோண அடைப்புக் குறி வருமாயின் அதனை மாற்றி எழுதுதல். கணக்குப் பாடத்தில் 'இதனினும் சிறியது' என்பதற்கு அக்குறியையே இடுகிறோம் அல்லவா? அதனைக் குறிச்சொல்லின் தொடக்கம் என்று பொறி மயங்கிவிடும். அம்மயக்கத்தைத் தவிர்க்க அக்குறிக்கு ஈடாக, '&' என்னும் குறியில் தொடங்கும் ஒரு மாற்றுத் தொடரை இடுவர். இங்கும் வரிசை முறை தவறலாகாது. எழுத்தில் முன்பே இருக்கும் '&' குறிகளை முதலில் மாற்றிவிட்டுப் பின்னரே கோணக் குறியை மாற்ற வேண்டும். வரிசை மாறினால், நாம் புதிதாக இட்ட மாற்றுத் தொடரையே நிரல் மறுபடியும் மாற்றிக் கெடுத்துவிடும்.

ஆறாம் படி, ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் குறிச்சொல்லை இட்டு, எண்ணும் கொடுத்தல். வயலுக்குப் புல எண் இருப்பது போன்றது இது. 'அந்த நூலில் எங்கோ படித்தேன்' என்பதற்கும், '412-ஆம் பத்தியில் உள்ளது' என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர் 1891-ஆம் ஆண்டு முதல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக வெளியிட்டபோது, கல்லின் ஒவ்வொரு வரிக்கும் எண் இட்டார். அவர் படித்தது சரியா என்று ஐயுறுவார் எவரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு கல்லுக்கே சென்று பார்க்கலாம். எண்ணிடுதல் என்பது பின்வருவோர்க்கு நாம் திறந்துவைக்கும் வாயில்.

இவ்வாறு ஆறு படிகளையும் முடித்தால் நிரல் நிறைவுறும். ஆயின் வேலை நிறைவுற்றதா என்றால், இல்லை. ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர், தம் பாட்டியார் பாடிய நடவுப் பாட்டுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். பாட்டுகளுக்கு இடையே அவை பாடப்படும் வேளை, வயல், முறை முதலியவற்றை உரைநடையாக விளக்கியிருந்தார். பாட்டியார் மறைந்த பின் அக்குறிப்பேடே எஞ்சியது. அதனைக் கணிப்பொறியில் ஏற்றி, நான் மேற்கூறிய வகையில் நிரல் எழுதிப் பத்தி பிரித்தார். பின்னர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"ஐயா, நிரல் ஒரு பிழையும் காட்டவில்லை. ஆனால் பாட்டு பாட்டாக இல்லையே! பாட்டி மூச்சு விடும் இடமே தெரியவில்லை" என்றார்.

"நிரல் சொன்னபடி செய்தது, அம்மா. பாட்டுக்கு வேறு முறை என்று நாம் அதற்குச் சொன்னோமா?" என்றேன்.

நான்காம் படியே அங்கு வினையாயிற்று. உரைநடையில் வரி முறிவது தாளின் அகலத்தால். பாட்டில் வரி முறிவது பாடுவோர் மூச்சால். முன்னதை இணைப்பது திருத்தம். பின்னதை இணைப்பது சிதைவு. இரண்டும் பொறியின் கண்ணுக்கு ஒரே மணிதான். குறுகிய வரிகள் வந்தால் பாட்டு என்று கொள்ளும்படி நிரலுக்குச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். முகவரியும் பெயர்ப் பட்டியலும் குறுகிய வரிகளே, அவை பாட்டாகுமா? ஆதலின் முடிவு படிப்பவருடையதே. நாங்கள் செய்தது இதுதான். பாட்டுப் பகுதி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஓர் உடுக்குறியைக் கையால் இட்டோம். துண்டின் முதல் எழுத்து உடுக்குறியாயின் அக்குறியை நீக்கிவிட்டு, அத்துண்டைப் 'பாட்டு' என்னும் குறிச்சொல்லுள் வைத்து, வரி ஒவ்வொன்றையும் 'அடி' என்னும் குறிச்சொல்லுள் வைக்குமாறு நிரலைத் திருத்தினோம். மூலக் கோப்பை அவர் தனியே காத்து வைத்திருந்தமையால் பாட்டின் ஓர் அடியும் கெடவில்லை.

பொறி மயங்கும் இடங்கள் வேறும் உள. பழைய அச்சு நூல்களில் பத்திக்கு முன் வெற்று வரி இராது. முதல் வரி மட்டும் சிறிது உள்ளடங்கித் தொடங்கும். தட்டெழுதும்போது அவ்வுள்ளடக்கம் நழுவிவிட்டால், நிரல் நூல் முழுவதையும் ஒரே பத்தியாக்கிவிடும். ஒரு பத்தி இரண்டு பக்கங்களில் பரந்து கிடக்குமாயின், இடையில் நிற்கும் பக்க எண் தனிப் பத்தியாகிவிடும். முற்றுப்புள்ளி வருமிடமெல்லாம் வாக்கியம் முடிந்தது என்று வெட்டச் சொன்னாலோ, உ. வே. சா. என்னும் பெரியார் மூன்று வாக்கியங்களாகிவிடுவார்!

மற்றொரு நுட்பத்தையும் தமிழ் மாணவர் மறத்தலாகாது. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு எழுத்து 3. ஒருங்குறி முறையில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அதற்கு 5 கூறுகள். பெரிதும் வழங்கும் சேமிப்பு முறையில் கூறு ஒன்றுக்கு 3 எண்மம் வீதம் 15 எண்மங்கள். 'இத்தனை கூறுகளுக்கு ஒருமுறை வெட்டுக' என்று நிரலுக்கு ஆணையிட்டால், வெட்டு ழகரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே விழக்கூடும். அப்போது புள்ளியில்லாத பனையோலைக் காலத்துக்கே நாம் திரும்பிச் சென்றவர்களாவோம். ஆதலின் எண்ணிக்கையால் வெட்டுதல் கூடாது. எல்லையறிந்தே வெட்டுதல் வேண்டும்.

வகுத்தல் கணக்கில் விடை சரியா என்று பார்க்க வகுத்தியையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டுகிறோம் அன்றோ? இங்கும் அத்தகைய சோதனை உண்டு. குறியிட்ட கோப்பிலிருந்து குறிச்சொற்களை நீக்குக. மாற்றுத் தொடர்களைப் பழைய குறிகளாக்குக. மூலக் கோப்பில் நாம் கையால் இட்ட உடுக்குறிகளை நீக்குக. பின் இரண்டு கோப்புகளிலும் இடைவெளிகளையும் வரி முடிவுகளையும் அகற்றி ஒப்பிடுக. ஓர் எழுத்தேனும் வேறுபட்டால் நிரலில் குறையுண்டு. இச்சோதனை எழுத்து குறையவில்லை என்பதை மெய்ப்பிக்கும். ஆனால் வெட்டிய இடம் சரியா என்பதை அது மெய்ப்பிக்காது. செம்பொன்பதின்றொடியை எவ்வாறு பிரித்தாலும் எழுத்து குறைவதில்லை அல்லவா? அதற்குப் படித்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. பத்திக்கு ஒன்றாக வேண்டா. ஐம்பதுக்கு ஒன்றாகவேனும் எடுத்து, அச்சு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் வினவலாம். முற்காலத்தில் ஏட்டைத் தவறாகப் பிரித்தவர் தாம் ஒருவரே மயங்கினார். இன்று ஒருவர் தவறாகப் பிரித்த கோப்பு, ஒரே நாளில் பல்லாயிரம் படிகளாகப் பரவுகிறது. மூலத்துக்கும் உரைக்கும் இடையே உள்ள வரப்பு அழிந்தால், உரையாசிரியர் காலத்துச் சொல் பல நூற்றாண்டு முன்வாழ்ந்த புலவன் தலையில் ஏறும். 'இச்சொல் எந்நூலில் முதலில் வழங்கிற்று?' என்று தேடும் ஆராய்ச்சி மாணவர்க்குப் பொய்விடை கிடைக்கும். எழுத்தைப் படித்து மொழியைக் கற்கும் பொறிகள் பெருகிவரும் காலம் இது. அவை நாம் இட்ட வரப்பையே மெய்யென்று நம்பிக் கற்கும். தலைமடையில் கலங்கிய நீர் கடைமடைவரை கலங்கலாகவே செல்லும் என்பதை இப்பகுதி மக்களாகிய நாம் அறிவோம்.

மாணவர்களே, இவ்வுரையைக் கேட்டதோடு நில்லாதீர்கள். உங்கள் வீட்டில் பழைய குறிப்பேடோ, கோயில் வரலாறோ, மூத்தோர் எழுதிய கடிதமோ இருக்கும். அதில் பத்துப் பக்கங்களைத் தட்டெழுதுங்கள். நிரல் எழுதுமுன் ஒருமுறை முழுவதும் படித்து, உரைநடை எது, பாட்டு எது, பட்டியல் எது, பிறர் கூற்று எது என்று எழுதுகோலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நிரல் எழுதுங்கள். மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். பிரிக்கும் வேலையைப் பொறி உங்களினும் விரைந்து செய்யும், சலிப்பின்றிச் செய்யும். பிரியும் இடம் எதுவென்று அறிவதற்கோ, எழுதியவர் நெஞ்சை அறிதல் வேண்டும். அதனை நமக்குத் தருவது படிப்பு ஒன்றே.